படிவத்தில் இல்லாத தாய்மாமன்

1

கவினுக்குக் காது குத்தி இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் இதையெல்லாம் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. காது குத்தினோமா, கறிச்சோறு போட்டோமா, அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினோமா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கு மட்டும் அந்த நாள் மறக்கவில்லை. ஏனென்றால் அபுதாபியில் ஒரு பூங்காவின் கம்பி வேலிக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் பாய் விரித்து நாங்கள் நடத்திய காதுகுத்து அது.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கிளினிக்கில் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கணவர் சங்கர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மகள் இலக்கியாவுக்குப் பதின்மூன்று வயது. அவளிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். கவினுக்கு அப்போது மூன்று முடிந்திருந்தது. என் தம்பி முத்து முசஃபா தொழிற்பேட்டையில் வெல்டர், தொழிலாளர் கேம்ப்பில் ஒரு ரூமில் ஆறு பேரோடு இருக்கிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அது எங்கள் குடும்பத்தின் கவலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பூங்கா நிர்வாகத்துக்கும் அந்தக் கவலை உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்றால், எனக்கு லீவு கிடைக்கும் மாதத்தில் முத்துவுக்குக் கிடைக்காது. அவனுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. அதனால் இங்கே எல்லோரும் செய்வதுபோல் சடங்கை இரண்டாகப் பிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாமன் மடியில் உட்கார வைத்து, காது மடலில் சந்தனப் பொட்டு வைப்பது. மறுநாள் கிளினிக்கில் டாக்டர் ஓட்டை போடுவது. சாமி இதற்குக் கோபித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை.

2

பூங்கா எங்கள் குடியிருப்புகளைக் கட்டிய நிறுவனத்துக்குச் சொந்தமானது. வாசலில் ஒரு போர்டு உண்டு. ஞாயிறு, விடுமுறை நாள்களில் குடும்பங்களுக்கு மட்டும் அனுமதி. நான்கு வருஷமாக அந்தப் போர்டைக் கடந்து போயிருக்கிறேன். அது யாரைத் தடுக்க வைத்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நாங்கள்தான் குடும்பமாயிற்றே.

அன்று முத்து சட்டையை இஸ்திரி போட்டு, முசஃபாவிலிருந்து பஸ் பிடித்து வந்தான். கையில் மருமகனுக்குப் பட்டு வேட்டி, மாலை. சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவனுடைய ரூம்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். ஒருவர் கும்பகோணம் பக்கத்துக் கணேசன், இன்னொருவர் பங்களாதேஷ்காரர் ஷஃபிக். நான் வாசலுக்கு வந்து கவினை முத்துவிடம் கொடுத்தேன். உள்ளே போகத் திரும்பியபோது செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தார். நேபாளத்துக்காரர், தேவ் என்று பெயர் குத்தியிருந்தார்.

"ஃபேமிலி ஒன்லி, சிஸ்டர். பேச்சிலர் மஃபி."

பேச்சிலருக்கு இடமில்லை என்கிறார். இவன் என் கூடப்பிறந்த தம்பி என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். இவருக்கு மனைவி இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை. குழந்தை? இடுப்பில் இருக்கிறதே என்றேன். அது உங்கள் குழந்தை, இவருடையது அல்ல என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விழாவில் பெற்ற தகப்பனைவிடத் தாய்மாமனுக்குத்தான் மதிப்பு என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அரை டிராயரும் காதில் பாட்டுமாக ஒரு வெள்ளைக்காரர் தனியாக ஓடிவந்தார். தேவ் விலகி நின்று, "குட் மார்னிங் சார்" என்றார். அவர் உள்ளே ஓடிப்போனார். எனக்கு அந்த நேரத்தில் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. அவர் பேச்சிலரா இல்லையா, எப்படித் தெரியும் என்று உண்மையாகவே கேட்டேன். தேவும் உண்மையாகவே யோசித்தார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை சிஸ்டர், பார்த்தால் தெரியும் என்றார். புகார் வந்தால் தன் வேலை போகும் என்றும் சொன்னார்.

முத்து கவினை என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"அக்கா, நீங்க உள்ள போய் நடத்துங்க. மடிக்கு மச்சான் இருக்காருல்ல. நாங்க அப்படியே பஸ்ஸப் பிடிச்சிருதோம்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். என் தம்பியை எனக்குத் தெரியும். சண்டை போட மாட்டான், ஒதுங்கிவிடுவான். இன்றைக்குப் போனால் அடுத்த ஞாயிறு டியூட்டி என்பான், அதற்கடுத்த ஞாயிறு உடம்பு சரியில்லை என்பான். பிறகு போனில் மட்டும் இருப்பான். இந்த நாட்டில் எனக்கு ரத்த சம்பந்தம் என்று இருப்பது அவன் ஒருவன்தான். அவனை அந்த வாசலில் விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டான் என்று பயந்தேன்.

உள்ளே இருந்த சங்கருக்குப் போன் போட்டு, பாயையும் சந்தனக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொன்னேன். அவர் பதறிப்போனார். இந்த ஊரில் ஊர்வலம், கோஷம், பதாகை எதுவும் கிடையாது. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து நின்றாலே என்ன விஷயம் என்று கேட்பார்கள். யாராவது கேட்டால் பிக்னிக் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் வந்தார். அவருக்குப் பின்னால் அழைத்திருந்த இருபது பேரும் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வெளியே வந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. முத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கவின் அவன் மடியில் உட்கார்ந்து மாலையைப் பிய்த்துத் தின்னப் பார்த்தான். சந்தனம் வைத்தோம்.

இலக்கியா மட்டும் வெளியே வரவில்லை. அவள் வகுப்புத் தோழிகள் ஊஞ்சலில் இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்தபடி, "மம், எவ்ரிபடி இஸ் லுக்கிங்" என்றாள். பிறகு ஊஞ்சல் பக்கம் போய்விட்டாள்.

3

தேவ் சொன்ன பதில் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. பார்த்தால் தெரியும். இதே பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன், தமிழில்.

அப்பா எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தார். கடையில் எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ். காலனிக்காரர்களுக்கு வெளியே ஆணியில் மாட்டிய அலுமினிய டம்ளர். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, திரும்ப மாட்ட வேண்டும். உள்ளூர் ஆள் என்றால் சரி, வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் புது ஆளையும் அப்பா ஒரு பார்வைதான் பார்ப்பார். கை தானாகக் கிளாஸையோ டம்ளரையோ காட்டும். பத்து வயதில் அதை நான் பெரிய திறமை என்று நினைத்தேன். எப்படிப்பா கண்டுபிடிக்கிறீங்க என்று கேட்டதற்கு, "பாத்தாத் தெரியும் தாயி" என்றார்.

அந்த வருஷம் காலனி ஆட்கள் டம்ளரைத் தொடுவதை நிறுத்தினார்கள். கடையை உடைக்கவில்லை, திட்டவில்லை. தினமும் காலையில் வந்து ரோட்டுக்கு எதிர்ப்புறம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும். யாராவது கேட்டால், டீ குடிக்க வந்தோம், கிளாஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம் என்பார்கள். வேலைக்குப் போகிற நேரம் வந்ததும் எழுந்து போவார்கள். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்கிற புஷ்பம் அவள் அம்மாவோடு அங்கே இருப்பாள். நான் கடைக்குள் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

கடைசியில் அப்பா ஒரு வாரம் கடையை அடைத்துவிட்டார். திறந்தபோது கண்ணாடி கிளாஸும் இல்லை, டம்ளரும் இல்லை. எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப். பிரச்சினை தீர்ந்தது என்று ஊரே அப்பாவின் சாமர்த்தியத்தை மெச்சியது. நானும்தான்.

4

அடுத்த வாரம் நான் நினைத்தது போலவே முத்து டியூட்டி என்றான். நாங்கள் உள்ளே போகவில்லை, வேலிக்கு வெளியேதான் இருக்கப்போகிறோம், நீ வந்தால் புளியோதரை, வராவிட்டால் எனக்கு அழுகை என்றேன். வந்தான். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன.

உட்கார்ந்த இடத்திலிருந்து வாசல் நன்றாகத் தெரியும். எனக்கு வேடிக்கை பார்ப்பது பிடிக்கும். யார் தடுக்கப்படுகிறார்கள், யார் இல்லை என்று வாராவாரம் கவனித்தேன். வெள்ளைக்காரர் தனியாக வந்தால் கேள்வி இல்லை. அரபுப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து வந்தாலும் இல்லை. நம் ஆட்களில் ஷூவும் கையில் கார் சாவியும் இருந்தால் பெரும்பாலும் இல்லை. கறுத்த உடம்பு, செருப்பு, கையில் பிளாஸ்டிக் பை என்றால் தேவ் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

ஒரு ஞாயிறு சோதித்துப் பார்த்தோம். முத்துவுக்குச் சங்கரின் ஷூ, கூலிங் கிளாஸ், விரலில் சுழற்றக் கார் சாவி. எங்களுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. வாசலுக்குப் போனவன் ஒரு நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். தேவ் அவனை மேலும் கீழும் பார்த்து, எந்த கேம்ப், பாய் என்று இந்தியில் கேட்டாராம். தானும் முசஃபா கேம்ப்தான் என்றாராம். டியூட்டி இல்லாத நாளில் தேவும் அந்தப் பூங்காவுக்குள் போக முடியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மெல்ல மெல்லப் பாய்கள் கூடின. முதலில் வந்தது மூன்றாம் மாடி ஜெயராணி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். "நாங்கள் பாக்காத செக்பாயிண்டோ தங்கச்சி, கொஞ்சம் அரக்கி இரும்" என்று என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தார். பிறகு ஒரு மலையாளிக் குடும்பம், ஒரு பாகிஸ்தான் குடும்பம். முத்துவோடு கணேசனும் ஷஃபிக்கும் சில வாரங்களில் வருவார்கள், அவர்களுக்கும் காகிதத் தட்டில் சோறு கொடுத்தனுப்புவேன். குளிர்காலம் பாதி போனபோது வெளியே ஏழு பாய்கள் இருந்தன, உள்ளே புல் காலியாகக் கிடந்தது. யாரும் போராட்டம் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. ஒரு சூப்பர்வைசர் வந்து என்ன இது என்று கேட்டார். பிக்னிக் என்றோம். நடைபாதையில் கூடாது என்றார். பத்தடி தள்ளிப் போட்டோம். சங்கர் மட்டும் அன்று இரவு தூங்கவில்லை. வேலை போனால் விசா போகும், விசா போனால் இலக்கியாவின் படிப்பு போகும் என்று கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

5

அப்பாவிடம் வீடியோ காலில் இதைச் சொன்னேன். அவருக்கு இப்போது காது மந்தம், கடையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. முத்துவை வாசலில் நிறுத்தினார்கள் என்றதும் கொதித்துப்போனார். மனுஷனைப் பார்த்ததும் எப்படிடா முடிவு பண்ணுவான், அவன் யாரு, நம்ம என்ன அப்பேர்ப்பட்ட ஆளுகளா என்று சத்தம் போட்டார்.

நான் பேசாமல் இருந்தேன். நான் ஏன் பேசவில்லை என்று அவருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. திரையில் அவர் முகம் அசையவில்லை, நெட்வொர்க் நின்றுவிட்டது என்றுகூட நினைத்தேன்.

பிறகு கேட்டார், "அவுக எத்தன நாளு உக்காந்திருந்தாகன்னு ஞாபகமிருக்கா ஒனக்கு?"

பத்து நாள் இருக்கும் என்றேன்.

"பத்தொம்போது. நாந்தான் தெனமும் எண்ணிக்கிட்டிருந்தேன்."

பிறகு கவினைக் காட்டச் சொன்னார்.

6

சூப்பர்வைசர் வந்துபோன சில வாரங்களில் நிர்வாகம் ஒரு வழி சொன்னது. செயலியில் படிவம் நிரப்பினால் குடும்பத்தோடு வருகிறவருக்கு பாஸ் கிடைக்கும். படிவம் என்றால் என் ராஜ்ஜியம். தினமும் நூறு பேருக்கு நிரப்புகிறவள். ஆனால் 'உறவு' என்ற கட்டத்தைத் தொட்டதும் விழுந்த பட்டியல் இவ்வளவுதான்: கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், ஆயா, டிரைவர்.

தம்பி இல்லை, அண்ணன் இல்லை. தாய்மாமனைத் தேடுவதற்கே வழியில்லை. யோசித்துப் பார்த்தால் எங்கள் கிளினிக் படிவத்திலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். இத்தனை வருஷம் எத்தனை பேரை எதில் அடைத்தேனோ.

சங்கர் டிரைவர் என்று போட்டுவிடலாம் என்றார். உள்ளே வந்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள், இந்த வெளியே உட்கார்கிற வேலையும் முடியும், நானும் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். முத்துவுக்குப் போன் போட்டோம். போடுங்கக்கா, அதிலென்ன, லைசென்ஸ்தான் இல்லை என்று அவன் சிரித்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் விரல் அந்தச் சொல்லின் மேல் போய்விட்டது.

"போடாதீங்கம்மா."

இலக்கியா சோபாவிலிருந்து சொன்னாள், தமிழில். என்ன என்று கேட்டதும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாக வந்தது. காதுகுத்து அன்று ஊஞ்சலில் ஒரு தோழி கேட்டாளாம், வெளியே உன் தம்பியை மடியில் வைத்திருக்கிற அந்த ஆள் யார் என்று. இவள், எங்கள் டிரைவர் என்று சொல்லிவிட்டாளாம். நான்கு மாதமாக அது நெஞ்சுக்குள் கிடந்திருக்கிறது. இப்போது அம்மாவும் அதையே எழுதப்போகிறாள் என்றதும் தாங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது, உடனே போயும் விட்டது. அவளைத் திட்டுகிற தகுதி, கடைக்குள் நின்று புஷ்பத்தைப் பார்க்காததுபோல் இருந்த எனக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன்.

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது அவள்தான். எனக்கு வராத நல்ல இங்கிலீஷில், அரைப் பக்கம். மாமன் என்றால் யார், எதற்கு அவன் மடி என்று எழுதியிருந்தாள். அவரிடம் நான் ஒரு பொய்க்காக மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு அவர் உள்ளே வந்தாலென்ன, நான் வெளியே போனாலென்ன, நான் வெளியே போகிறேன் என்று முடித்திருந்தாள். அந்த ஞாயிறு வேலிக்கு வெளியே வந்து முத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. கேட்க ஆசைதான்.

7

நிர்வாகத்திடமிருந்து உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. வேறொன்றும் வராது என்றுதான் நினைத்தோம். ஆனால் மாசியில் பட்டியலில் புதிதாக ஒன்று முளைத்தது: பிற உறவினர். நிரப்பினேன். மூன்றாம் நாள் முத்துவின் படத்தோடு பாஸ் வந்தது. சங்கர் கேசரி கிண்டச் சொன்னார்.

ஞாயிறு காலை நான் பாயை உள்ளே எடுத்துப் போய் மரத்தடியில் விரித்தேன். முத்து வந்தான், கூடக் கணேசனும் ஷஃபிக்கும். போனிலிருந்த பாஸைப் பார்த்த தேவ் தானே வாங்கிக் கொடுத்ததுபோல் சிரித்து, யல்லா பாய், போங்கள் என்று கேட்டைத் திறந்தார். முத்து உள்ளே நான்கு அடி வைத்தான். பின்னால் வந்த இருவருக்கும் முன்னால் தேவின் கை நீண்டது. பழகியவர்கள்போல் திரும்பிப் போனார்கள்.

முத்துவும் திரும்பி வெளியே போனான்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை மாதம், இத்தனை பயம், அந்தப் பிள்ளையின் கண்ணீர். கேட்டுக்கு வெளியே ஓடி, உனக்காகத்தானடா இவ்வளவும் என்று கத்திவிட்டேன்.

அவன் நிதானமாகச் சொன்னான், "எனக்கு மட்டும்னா நீங்க அன்னைக்கே டிரைவர்னு போட்டிருக்கலாமேக்கா. நாந்தான் சரின்னுட்டேனே."

திரும்பி அந்த இருவரையும் தேடினேன். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எப்போதும் உட்காரும் இடம் அது. குளிர்காலம் முழுவதும், வந்த நாளெல்லாம் அங்கேதான் இருந்தார்கள். சோறு அவர்களிடம் காகிதத் தட்டில் போனது, காலித் தட்டு திரும்பி வந்தது. வாசலில் யார் நுழைந்தார், யார் நுழையவில்லை என்று ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எங்கள் பாயில் யார் உட்காரவில்லை என்று ஒரு வாரமும் பார்த்ததில்லை.

உள்ளே போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். சங்கர் கேசரிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பழைய இடத்தில் விரித்தேன். பிறகு திண்டுக்குப் போய் அவர்கள் முன்னால் நின்றேன்.

"கணேசன் தம்பி, ஷஃபிக் பாய், வந்து பாயில உக்காருங்க. நான் முன்னாலயே கூப்பிட்டிருக்கணும்" என்றேன்.